பணியில் சேர்ந்த முதல் ஆண்டு: புது ஆசிரியர் எதை, எப்போது, எப்படி வாசிப்பது

தேர்வுக்குத் தயாரான காலத்தில் இரவும் பகலும் படித்தவர்கள்கூட, வேலை கிடைத்த ஆறே மாதத்தில் புத்தகத்தைத் தொடுவதை விட்டுவிடுகிறார்கள். ஆர்வம் குறைந்துவிட்டது என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அது இல்லை. பாடக்குறிப்பு, நோட்டுத் திருத்தம், எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் பதிவு, பயிற்சிக் கூட்டம், பேருந்துப் பயணம் என்று நாள் நிரம்பிவிடுகிறது. மிச்ச நேரத்தில் படிக்கலாம் என்று விட்டால், முதல் ஆண்டில் மிச்சம் என்று எதுவும் இருக்காது. இந்த ஆண்டில் நிலைக்கும் வாசிப்பு, நாளைய வகுப்போடு சேர்த்துக் கட்டப்பட்ட வாசிப்பு மட்டும்தான்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கு வந்திருக்கும் ஆசிரியரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். உயர்நிலை வகுப்பு எடுப்பவர்களுக்கும் உதவிபெறும் பள்ளியில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வாரம்: தாள்களை வாசிக்கப் பழகுங்கள்

நியமன ஆணை, அசல் சான்றிதழ்கள், உடல் தகுதிச் சான்று ஆகியவற்றோடு தலைமையாசிரியரிடம் பணியேற்பு அறிக்கை கொடுப்பீர்கள். தேதியோடு முற்பகலா, பிற்பகலா என்பதையும் அதில் எழுதுங்கள். கையொப்பமிட்ட நகல் ஒன்று உங்கள் கோப்பில் இருக்கட்டும். எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் பணிப்பதிவேட்டைத் திறக்கும்போது பக்கத்தில் இருந்து பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, கல்வித் தகுதி நான்கையும் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்தும் ஆதாரில் வேறொன்றும் இருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். பத்து ஆண்டு கழித்துத் திருத்துவது பல மடங்கு அலைச்சல்.

உண்மைத்தன்மைச் சான்றுக்கான கடிதங்களை முதல் மாதமே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றுகளுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம், பட்டத்துக்கும் பி.எட்.டுக்கும் அந்தந்தப் பல்கலைக்கழகம். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அது வராமல் பணிவரன்முறை (பணியை முறைப்படுத்தும் ஆணை) நகராது, தகுதிகாண் பருவம் முடித்த ஆணையும் அதன் பின்னால்தான் வரும்.

அரசாணையும், அலுவலர்கள் அனுப்பும் ஆணைகளான செயல்முறைகளும் வாசிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மேலே எண், நாள், துறை மூன்றையும் பாருங்கள். அடுத்து ‘பார்வை’ என்று பழைய ஆணைகளின் பட்டியல் வரும். நடுவில் வரும் பத்திகள் யார் எதைக் கேட்டார்கள் என்ற வரலாறு. உண்மையில் என்ன உத்தரவு என்பது பெரும்பாலும் கடைசிப் பத்திகளில் இருக்கும். பணி பற்றிய வதந்திகளில் பாதி, நடுப்பத்தியில் உள்ள கோரிக்கையை யாரோ ஆணையென்று படித்ததால் கிளம்புபவை. வாட்ஸ்அப்பில் ஒற்றைப் பக்கப் படமாக வரும் ஆணையை முழுதாகக் கையில் எடுக்காமல் நம்ப வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

இதே வாரத்தில் மூன்று சட்ட விதிகளை மூலத்திலேயே வாசித்துவிடுங்கள். ஒரு மாலை போதும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: குழந்தையை உடலால் தண்டிப்பதும் மனத்தால் துன்புறுத்துவதும் தடை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவுகள் 19, 21: குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தாலோ, காவல்துறைக்கோ சிறார்க்கான சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குழந்தைகள் உதவி எண் 1098 வகுப்பறையில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973.

பாடநூலை மூன்று முறை

பாடநூலைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் வாசித்த ஆசிரியர்கள் நினைப்பதைவிடக் குறைவு. பாடம் பாடமாக, அன்றன்றைக்குப் படித்து ஓட்டினால், ஜூலையில் அவசரமாகச் சொல்லிக்கொடுத்த ஒன்று நவம்பரில் விரிவாக வருவது முன்கூட்டித் தெரியாது.

முதல் முறை வாசிக்கும்போது கையில் பென்சில் வேண்டாம். ஒரு பருவ நூலை இரண்டு மூன்று மாலைகளில் கதைப் புத்தகம் படிப்பதுபோலப் படித்து முடியுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு மூன்றே குறிகள்: பிள்ளைகளுக்குத் தெரியாத சொல்லுக்கு வட்டம், பொருள் திரட்ட வேண்டிய செயல்பாட்டுக்கு முக்கோணம், நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் ஓரக்கோடு. இதற்கு மேல் குறி வைத்தால் பக்கம் முழுதும் கோடாகி எதுவும் கண்ணில் படாது. மூன்றாம் முறை, முந்தைய இரவு, நாளைய பாடப்பகுதி மட்டும்.

பாடவேளை 40 அல்லது 45 நிமிடம் என்று அட்டவணையில் இருக்கும். வருகை எடுத்து, நோட்டு எடுக்கச் சொல்லி, யாராவது தண்ணீர் குடிக்கப் போய் வந்தபின் கையில் நிற்பது முப்பது நிமிடம். முப்பதுக்கே திட்டமிடுங்கள். புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, ஒரு வேளைக்கு நான்கு வேளைப் பாடத்தைத் திணிப்பது. ஒரு வேளைக்கு இரண்டு ஓரக்கோடுகள் போதும்.

உங்கள் வகுப்பு நூலோடு அதற்குக் கீழே இரண்டு வகுப்பு, மேலே ஒரு வகுப்பு நூலையும் படியுங்கள். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் தளத்தில் எல்லா வகுப்புப் பாடநூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாத குழந்தைக்கு ஆறாம் வகுப்பு விளக்கத்தையே உரத்துச் சொல்வதால் பயனில்லை. நான்காம் வகுப்பு நூல் அதைப் படம் வரைந்து, தாளை மடித்து எப்படித் தொடங்கியது என்று தெரிந்தால் அங்கிருந்து தூக்கிவிடலாம். வழிகாட்டி நூலைப் பார்த்துப் பாடக்குறிப்பு எழுதிவிடலாம். ஆனால் பார்வைக்கு வரும் அலுவலர் உங்களிடம் கேட்கும் கேள்வியும், வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கும் கேள்வியும் அந்தக் குறிப்பில் இருக்காது.

பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டறிதல்

ஜூன் மாதத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது. தொடக்க வகுப்புகளில், அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் அவற்றுக்கான மதிப்பீடும் இருக்கின்றன. அதையே பின்பற்றலாம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு எடுப்பவர்கள் தாங்களே ஒரு வாசிப்புத் தாள் தயாரித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் ஏசர் ஆய்வில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று பயன்படுத்தும் முறை எளிது, அதை ஒட்டியே செய்யலாம்.

1. ஒரு தாளில் நான்கு பகுதி: பத்து எழுத்துகள், பத்து எளிய சொற்கள், நான்கு வரிப் பத்தி ஒன்று, மூன்றாம் வகுப்பு அளவில் 50 முதல் 60 சொல்லுள்ள சிறு கதை ஒன்று. பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவே இடம் விட்டு எழுதுங்கள்.

2. வராந்தாவில், மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்காத தூரத்தில், ஒவ்வொருவராக உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்தால் அது தேர்வாகிவிடும். வகுப்பின் முன் நிறுத்தி வாசிக்கச் சொன்னால் தெரிந்த பிள்ளையும் திக்கும், தெரியாத பிள்ளை மறுநாள் வராமலே போகலாம்.

3. பத்தியிலிருந்து தொடங்குங்கள். சரளமாக வந்தால் கதைக்கு ஏறுங்கள், திணறினால் சொல்லுக்கும் எழுத்துக்கும் இறங்குங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம். 30 பேர் வகுப்பை மூன்று நாளில் முடித்துவிடலாம்.

4. கதையை வாசித்த பிள்ளையிடம் அதிலிருந்து ஒரே ஒரு கேள்வி. சத்தம் சரியாக வந்தும் பொருள் போய்ச்சேராத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு.

கேட்கும்போது எதைக் குறித்துக்கொள்வது என்பதுதான் இதில் நுட்பம். ‘கொடி’யைக் ‘கெடி’ என்று வாசிக்கும் பிள்ளைக்குக் கொம்பு மட்டும் கண்ணில் படுகிறது, பின்னால் வரும் காலைச் சேர்க்கத் தெரியவில்லை. ‘கௌதாரி’யில் ஔகாரக் குறியைத் தனி ‘ள’வாக எடுத்துக் ‘கெளதாரி’ என்பது இதற்கு நெருங்கிய இன்னொரு சிக்கல். ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்று வாசித்தால் ஒற்று விடுபடுகிறது. இந்த மூன்றும் தனித்தனிக் குறைகள், தனித்தனிப் பயிற்சிகள். ‘வாசிக்கத் தெரியாது’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் எதையும் சரிசெய்ய முடியாது.

தமிழில் நீளச் சொற்கள் பெரிய தடை. ‘போய்க்கொண்டிருந்தவர்களிடம்’ என்பதை எழுத்துக்கூட்டிக் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். போய்க் – கொண்டிருந்தவர் – களிடம் என்று, சொல் ஒட்டியிருக்கும் இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக் கொடுங்கள். இரண்டு வாரத்தில் பல பிள்ளைகள் தாங்களே கோடு போடத் தொடங்குவார்கள்.

‘போய்விட்டான்’ என்று அச்சில் இருப்பதைப் ‘போயிட்டான்’ என்று ஒரு பிள்ளை வாசித்தால் அங்கே குறுக்கிட வேண்டாம். அந்தப் பிள்ளை எழுத்தைக் கடந்து பொருளுக்குப் போய்விட்டது, அதைத் தன் வீட்டுப் பேச்சில் சொல்கிறது. ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்தித் திருத்துவது வாசிப்பைக் கெடுக்கும் வழிகளில் முதலாவது. பத்தி முடியட்டும், பிறகு ஒன்றோ இரண்டோ சொல்லை மட்டும் எடுத்துப் பேசுங்கள்.

குழந்தைகளுக்கான புத்தகங்களை நீங்கள் முதலில் படியுங்கள்

கல்வியியல் நூல்களை வாங்கி அடுக்கும் புதியவர்கள் சிறுவர் நூல்களைத் தொடுவதில்லை. அடுத்த நாளே வகுப்பில் பயன்படுவது சிறுவர் நூல்தான், நேரமும் குறைவாகவே எடுக்கும். அரசின் வாசிப்பு இயக்கத் திட்டத்தில் பள்ளிக்கு வந்த புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்தவை. மெல்லிய நூல்கள், ஒன்றுக்குப் பத்து நிமிடம் போதும். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கான ‘ஊஞ்சல்’, ஆறு முதல் ஒன்பது வரைக்கான ‘தேன்சிட்டு’ இதழ்கள் கட்டுப் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தால் எடுத்துப் படித்துவிடுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன, அச்செடுக்கவும் அனுமதி உண்டு.

வாரத்துக்கு ஒரு கதையை வகுப்பில் சத்தமாக வாசியுங்கள். தொடங்குபவர்களுக்கு 500 முதல் 600 சொல்லுக்குள் இருக்கும் கதை சரியான அளவு. நிதானமாக வாசித்தால் ஆறேழு நிமிடம். வீட்டில் இரண்டு முறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். எந்த வரியில் மூச்சு வாங்குகிறது, எந்தப் பெயரில் நாக்கு தடுமாறுகிறது என்பது கண்ணால் படித்தால் தெரியாது. படம் உள்ள நூலை மார்புக்கு முன்னால் வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு அட்டைதான் தெரியும். தோளுக்குப் பக்கவாட்டில் பிடித்து, பக்கத்தைத் திருப்புமுன் வலமிருந்து இடமாக ஒருமுறை மெதுவாகக் காட்டுங்கள்.

முடித்ததும் ‘இந்தக் கதையின் நீதி என்ன?’ என்று கேட்காதீர்கள். கேட்டால், அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகள் கதையைக் கேட்காமல் நீதியைத் தேடுவார்கள். ‘நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?’, ‘உனக்கு யார்மேல் கோபம் வந்தது?’ என்பது போன்ற ஒன்று போதும். சில நாள் எதையும் கேட்காமல் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இடைவேளையில் யார் வந்து அதைப் புரட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

பீரோவின் பூட்டு

பல பள்ளிகளில் நூல்கள் பூட்டிய பீரோவில் இருக்கும். காரணம் அக்கறையின்மை என்று முடிவுகட்ட வேண்டாம். இருப்புப் பதிவேட்டில் உள்ள புத்தகம் தணிக்கையில் குறைந்தால் பொறுப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற பயமே பெரும்பாலும் காரணம். அந்தப் பயத்தைக் குறைப்பதுபோலக் கேளுங்கள். மொத்தச் சாவியைக் கேட்காமல், இருபது நூல்களை மட்டும், பதிவேட்டு எண்ணோடு பட்டியல் எழுதி, கையொப்பமிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் இருபதையும் எண்ணிக் காட்டி வேறு இருபது வாங்குங்கள். மூன்று மாதம் இது சரியாக நடந்தால் பூட்டு தானாகத் தளரும்.

வகுப்பில் சன்னலுக்குச் சன்னல் ஒரு நைலான் கயிறு கட்டி நூல்களை நடுவில் விரித்துத் தொங்கவிட்டால் அட்டை எல்லோருக்கும் தெரியும். தடித்த நூல் கயிற்றில் கிழியும், அதை மேசையில் வையுங்கள். இரவல் நோட்டில் நான்கே நெடுவரிசை: தேதி, பெயர், நூல், திரும்பிய தேதி. எழுதும் பொறுப்பு இரண்டு பிள்ளைகளிடம், மாதத்துக்கு ஒரு ஜோடி மாறட்டும். கிழிந்துவரும் புத்தகத்துக்காகக் கண்டித்தால் அந்தப் பிள்ளை இனி இரவல் வாங்காது. பசையும் ஒட்டுத்தாளும் மேசையில் இருக்கட்டும், கிழித்தவரே உட்கார்ந்து ஒட்டட்டும். ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் பிள்ளைக்கு அது இப்போதைக்குக் கடினம் என்று சொல்லி வேறு எடுக்க விடுங்கள்.

உங்கள் சொந்த வாசிப்பு: இருபது நிமிடம்

நாளொன்றுக்கு இருபது நிமிடம். தமிழ் உரைநடையில் ஒரு பக்கத்துக்குச் சுமார் இரண்டு நிமிடம் என்றால் மாதத்தில் 25 நாளுக்கு 250 பக்கம். அதாவது மாதம் ஒரு நூல். இதற்கு மேல் முதல் ஆண்டில் ஆசைப்பட வேண்டாம். அந்த நேரம் எப்போது என்பதை முன்கூட்டி முடிவுசெய்து மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும் வழித்தடமாக இருந்தால் அதுவே நல்ல நேரம். நின்றுகொண்டே போகிறவர்கள் காலையில் வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. ‘இரவு படுக்குமுன்’ என்று வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் நிலைப்பதில்லை. நோட்டுத் திருத்திய கண்ணுக்கு அப்போது தூக்கம்தான் வேண்டும்.

தொடக்கத்தில் கோட்பாட்டு நூலை எடுக்காதீர்கள். முப்பது பக்கத்தில் நின்றுவிடும், நின்ற புத்தகம் அடுத்ததையும் தள்ளிப்போடவைக்கும். வகுப்பறையின் உள்ளிருந்து எழுதப்பட்ட மெல்லிய நூலில் தொடங்குங்கள். கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’ அப்படிப்பட்டது. நான்காம் வகுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கும் ஓர் ஆசிரியர் கதை சொல்வதில் தொடங்குகிறார், வகுப்பு கட்டுக்கடங்காமல் போவதையும் மறைக்காமல் சொல்கிறார். புதியவருக்கு அந்தப் பக்கங்கள்தான் அதிகம் உதவும். டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோசான்’ அடுத்து. பள்ளிக் கல்வித் துறை ஆசிரியர்களுக்காக வெளியிடும் ‘கனவு ஆசிரியர்’ இதழில் ஒரு கட்டுரையை வாரத்துக்கு ஒன்றென்று படிக்கலாம்.

கல்வி பற்றிய நூல் ஒன்று என்றால், அதற்கடுத்த மாதம் கல்வியோடு தொடர்பே இல்லாத ஒன்று: நாவல், பயணம், பறவைகள், கிரிக்கெட், எதுவாகவும் இருக்கலாம். எல்லா வாசிப்பையும் தொழிலுக்கே கொடுத்துவிட்ட ஆசிரியர் இரண்டாம் ஆண்டில் களைத்துவிடுகிறார். பிள்ளைகள் ‘நீங்க என்ன டீச்சர் படிக்கிறீங்க?’ என்று கேட்கும்போது ஆசையோடு சொல்ல ஒரு புத்தகம் கையில் இருக்க வேண்டும்.

ஒரு நீள நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் நூலின் பெயர், பக்க எண், எடுத்த கருத்து மூன்று வரிக்குள். வலப்பக்கம் காலியாக இருக்கட்டும். வகுப்பில் செய்து பார்த்த அன்று என்ன நடந்தது என்று அங்கே எழுதுங்கள்: எந்த வகுப்பு, எத்தனை பேர் ஈடுபட்டார்கள், எங்கே உடைந்தது. அழகான மேற்கோள்களை நிரப்பும் நோட்டாக இது மாறினால் வலப்பக்கம் வெறுமையாகவே நின்றுவிடும். வலப்பக்கம் தொடர்ந்து காலியாக இருந்தால் நூல் தேர்வை மாற்றுங்கள்.

வாங்குவதில் கவனம் தேவை. புத்தகக் காட்சியில் வழக்கமாக 10 சதவீதத் தள்ளுபடி உண்டு, அந்த உற்சாகத்தில் இருபது நூல் வாங்கி மூன்றைப் படிப்பதே வழக்கமாகிவிடுகிறது. முதல் சம்பளத்தில் ஐந்து நூல் போதும், அதில் இரண்டு வகுப்புக்கு. மற்றவற்றை ஊர்க் கிளை நூலகத்தில் எடுங்கள். சிறு காப்புத் தொகையில் உறுப்பினராகலாம். வார விடுமுறை எந்த நாள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. கைப்பேசியில் வாசிப்பவர்கள் அந்த இருபது நிமிடம் இணையத்தை அணைத்துவிட்டே வாசியுங்கள். ஆசிரியர் குழுக்களில் நிமிடத்துக்கு ஒரு செய்தி வரும்.

தனியாக முடியவில்லை என்றால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சந்திக்கும் நான்கைந்து பேர் சேருங்கள். எல்லோரும் ஒரே நூல், மாதம் 60 பக்கம், கூட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரம். ‘என் வகுப்பில் இதில் எதைச் செய்தேன்’ என்று ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேசட்டும். பத்துப் பேருக்கு மேல் சேர்த்தால் பேசாதவர்கள் கூடி, பிறகு வராதவர்கள் கூடி, வட்டம் கலைந்துவிடும்.

ஆண்டு எப்படிப் போகும்

ஜூன் முழுதும் பாடநூல், வாசிப்புத் தாள், பிள்ளைகள் பெயர். வேறு நூல் படிக்க முடியாமல் போனால் வருந்தவே வேண்டாம். ஜூலையிலிருந்து இருபது நிமிடம். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் வாரங்களில் அது பத்தாகும். பூஜ்யமாக மட்டும் விடாதீர்கள், விட்ட பழக்கத்தை அக்டோபரில் மீட்பது கடினம். காலாண்டு விடுமுறையில் ஜூனில் செய்த வாசிப்புச் சோதனையின் தாளை எடுத்துப் பாருங்கள், பள்ளி திறந்ததும் அதே பிள்ளைகளிடம் அதே முறையில் மறுபடி செய்யுங்கள். அரையாண்டுக்குப் பின் வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே முதல் ஆண்டில் கொஞ்சம் மூச்சுவிடக் கிடைப்பவை. ஒரு மூத்த ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேட்க அது நல்ல சமயம். எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பதைவிட, பதில் தெரியாமல் நிற்கும் பிள்ளையிடம் என்ன சொல்கிறார் என்பதைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் இரவல் நோட்டைச் சரிபார்த்து நூல்களைப் பதிவேட்டோடு ஒப்படையுங்கள். எந்தப் புத்தகம் அதிக முறை வெளியே போனது, எது ஒருமுறைகூடத் தொடப்படவில்லை என்று தனித்தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள், அடுத்த கொள்முதலுக்கு அதைவிட நல்ல பட்டியல் கிடையாது. மே மாதத்தில் சென்னைக்கோ மதுரைக்கோ போக நேர்ந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ, 2023-ல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ குழந்தைகள் பிரிவில் ஒரு முழுநாள் உட்காருங்கள். நோட்டின் புதிய இடப்பக்கத்தில், வாங்கச் சொல்ல வேண்டிய பத்து நூல்களின் பெயரும் பதிப்பகமும் விலையும் எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.